இனித்த சாம்பல்

டிப்பர் லாரியின் ஹார்ன் கேட்டுவிட்டால் எங்கள் ராஃபின் தோக்கா ஊரில் நடந்து போகிறவர்கள் என்று யாரும் கிடையாது. எல்லாரும் ஓடுவோம். பம்புக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருப்பவன் கேனை அப்படியே போட்டுவிட்டு ஓடுவான். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவள் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டே ஓடுவாள். லாரி கொட்டிவிட்டுப் போகும் குப்பைச் சாம்பல் குவியலில் யாருடைய மண்வெட்டி முதலில் குத்தி நிற்கிறதோ, குவியல் அவர்களுக்கு. அதுதான் எங்கள் சட்டம். விலையை லாரிக்காரனோடு பிறகு பேசிக்கொள்ளலாம். அதில் வேறு யாராவது ஒரு கைப்பிடி அள்ளினால் அன்றைக்கு ஊரில் சண்டை நிச்சயம்.

அந்த ஓட்டத்தில் வருஷா வருஷம் முதலில் வருகிறவள் கச்சோலோம். அவளைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். சர்ச்சில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் அவள் உட்கார்ந்தால் இன்னொருவருக்குத்தான் இடம் இருக்கும். ஆனால் ஹார்ன் அடித்துவிட்டால் போதும், தலைத்துணி ஒரு பக்கம் பறக்கும், செருப்பு ஒரு பக்கம் பறக்கும், ஆள் காற்றாகப் போவாள். ஓடுகிற ஓட்டத்தில் வாயும் சும்மா இருக்காது. "தள்ளுங்கடி! எலும்பு முறிஞ்சா நான் பொறுப்பில்ல!" என்று கத்திக்கொண்டே போவாள்.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என் நிலம், அந்தப் பக்கம் அவள் நிலம். என் பெயர் ஜுமாய். எனக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு, உடம்பு அவளில் பாதி. ஒரு தடவைகூட நான் ஜெயித்ததில்லை. எனக்குக் கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

அவள் அப்பா மேட்டுக் கிராமத்துக்காரர், வெள்ளீயச் சுரங்கத்தின் கடைசிக் காலத்தில் அங்கே மண் அள்ளியவர். சுரங்கத்தை மூடிவிட்டு வெள்ளைக்காரர்கள் போனபோது குழி குழியாகத் தண்ணீரும் சத்துச் செத்த மண்ணும்தான் எங்களுக்கு மிஞ்சியது. கச்சோலோம் லாரி நிற்கும் இடத்தில் கம்பங்கூழ் விற்றாள். கூழ் குடிக்க வந்த தாவு என்கிற டிரைவரைக் கட்டிக்கொண்டாள். அவர் சரக்கு ஏற்றிக்கொண்டு தெற்கே போனால் கிறிஸ்துமஸுக்கு வருவார், இல்லாவிட்டால் ஈஸ்டருக்கு. சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் உதறிவிட்ட இந்த நிலத்தில் ஒரு துண்டை எடுத்து, டவுன் குப்பைமேட்டிலிருந்து எரிந்த சாம்பலைத் தலையில் சுமந்து வந்து கொட்டினாள். "சாம்பல்காரி" என்று சிரித்தார்கள். அந்த வருஷம் அவள் முட்டைக்கோஸைப் பார்த்துவிட்டு, சிரித்தவர்கள் எல்லாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு குப்பைமேட்டுக்கு ஓடினார்கள். யூரியா மூட்டை எங்கள் பக்கம் வருவது அறுவடை முடிந்த பிறகுதான். சாம்பல் இல்லையென்றால் ராஃபின் தோக்காவே இல்லை.

அவளுடைய பெரிய சொத்து அவள் நாக்கு. சாம்பலில் ஒரு சிட்டிகை எடுப்பாள், உள்ளங்கையில் தேய்ப்பாள், நாக்கில் வைப்பாள், கண்ணை மூடுவாள். நாங்கள் சுற்றி நின்று மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

"உப்புக் கரிக்குது. நல்லா கரிக்குது. இது மார்க்கெட்டுச் சாம்பல், வாழைத்தோலு நெறைய எரிஞ்சிருக்கு. முட்டைக்கோஸுக்குப் போடு." இல்லையென்றால் துப்பிவிட்டு, "சப்புன்னு கெடக்கு, வெறும் தூசி. ரோட்டுல கொட்டச் சொல்லு" என்பாள். அவள் சொன்னால் சொன்னதுதான். பள்ளத்தாக்கின் மறுகோடியிலிருந்துகூடத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு வருவார்கள், இவள் நாக்கில் வைத்துச் சொல்வதற்காக.

என் மகள் சுந்துங்குக்கு அப்போது நான்கு வயது நடந்துகொண்டிருந்தது. ராத்திரி தூங்குவதுதான் என் வீட்டில். கண் விழித்தால் வாய்க்காலைத் தாண்டி ஓடிவிடும். மற்ற நேரமெல்லாம் கச்சோலோமின் இடுப்புதான். அவளுக்குப் பிள்ளை இல்லை. அவள் காலையில் பாத்தி பாத்தியாகச் சுற்றும்போது இதுவும் கூடவே சுற்றும். அவள் சாப்பிடும் கீரை போட்ட க்வோட்டே கஞ்சிதான் இதற்கும். நான் சமைத்தால் வாயைத் திறக்காது, அவள் ஊட்டினால் சட்டியை வழித்துவிடும். எனக்கு அதிலும் கொஞ்சம் எரிச்சல்தான்.

அந்த வருஷம் ஹர்மட்டான் காற்று அப்போதுதான் வீச ஆரம்பித்திருந்தது. உதடெல்லாம் வெடித்து, மூக்கெல்லாம் தூசி. நான் ரோடு திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் வெங்காய நாற்று நட்டுக்கொண்டிருந்தேன். ஹார்ன்! லாரி என் கண்ணெதிரில் வருகிறது! கச்சோலோம் எங்கேயோ தூரத்தில், முழங்கால் ஆழத் தண்ணீரில் நிற்கிறாள். ஐயோ, எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். லாரி பின்பக்கத்தைத் தூக்கியது. கரேலென்று, மை மாதிரி மெல்லிய சாம்பல் சரிந்து விழுந்தது. இன்னும் ஐந்தாறு எட்டுதான். கையை ஓங்கிவிட்டேன்.

என் தலைக்கு மேலே 'விர்' என்று ஏதோ பறந்தது. கச்சோலோமின் மண்வெட்டி! தூரத்திலிருந்தே வீசிவிட்டாள் பாவி! அது போய்க் குவியலின் உச்சியில் நட்டுக்கொண்டு நின்றது.

"இது என்னடி அநியாயம்! மண்டைல பட்டிருந்தா?" என்று கத்தினேன்.

"படலியே! குனிஞ்சுதானே ஓடுற நீ!" என்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

பம்பு சங்கத்தின் தலைவர் மல்லம் ஹஷிமுவைக் கூப்பிட்டோம். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மண்வெட்டி நிக்குதா? நிக்குது. கையால குத்தணும்னு யாராவது எப்பவாவது சொல்லியிருக்கமா? சொல்லல. குவியல் கச்சோலோமுக்கு. அடுத்த வருஷத்துல இருந்து வீசக்கூடாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அவள் சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். திறந்தாள். முகமெல்லாம் பல்.

"அடி ஜுமாய்! இந்த மாதிரி நான் பாத்ததே இல்லடி. உப்பு இருக்கு. உப்புக்குப் பின்னால லேசா ஒரு இனிப்பு வருது பாரு!"

அதற்குள் ஓடி வந்து அவள் இடுப்பில் ஏறிவிட்ட சுந்துங்கும் அவள் உள்ளங்கையை நக்கிவிட்டு, "இனிப்பூ!" என்றது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "அடுத்த நாக்கு ரெடியாயிடுச்சு" என்றார் மல்லம். நானும்தான் சிரித்தேன். எங்கிருந்து வருகிறது என்று லாரிக்காரனைக் கேட்டதற்கு, "மெக்கானிக் ஷெட்டுங்களுக்குப் பின்னால ஒரு குப்பைமேடு" என்றான். தகரமோ கண்ணாடியோ ஒன்றும் இல்லாத சுத்தமான சாம்பல். எங்களுக்கு வேறென்ன வேண்டும்?

அவள் பாத்தியில் கீரை வந்தது பாருங்கள்! அதை வளர்ச்சி என்று சொல்வதா, வெறி என்று சொல்வதா? ஒவ்வொரு இலையும் என் உள்ளங்கையை மூடும். கருகருவென்று பச்சை. பூச்சி கிடையாது, மஞ்சள் கிடையாது. காலையில் பறித்த இடத்தில் மறுவாரமே தழைத்து நின்றது. மார்க்கெட்டுப் பெண்கள் தலையில் பேசின்களோடு விடிந்தும் விடியாமலும் வாய்க்கால் கரையில் வரிசை கட்டினார்கள். என் பாத்தியைத் தாண்டித்தான் போக வேண்டும். என் கீரையை ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஜுமாய், உன் பாத்தில வளர்றது கீரையா, மீசையா?" என்று கேட்டுக்கொண்டே கச்சோலோம் தினமும் சாயங்காலம் ஒரு கட்டு என் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போவாள். எனக்கு மட்டுமில்லை, மல்லம் வீட்டுக்கு, பாஸ்டர் வீட்டுக்கு, பிரசவித்த வீடு எதுவாக இருந்தாலும் அந்த வீட்டுக்கு. ஜெயித்தவள் பங்கு வைக்க வேண்டும் என்பது அவள் கொள்கை.

அப்போதுதான் நான்ரெட் வந்தாள். யுனிவர்சிட்டியில் மண்ணைப் பற்றிப் படிக்கிற பெண், ஒல்லியாக, தொண்டை கட்டிய குரலில் பேசுவாள். கீரையில் கொஞ்சம், கோஸில் கொஞ்சம், தக்காளியில் கொஞ்சம், சாம்பலில் கொஞ்சம் என்று எல்லார் நிலத்திலும் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கச்சோலோமுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எடுத்துக்கோ தங்கச்சி, நல்ல இலையா பாத்து எடு. என் கீரையோட என்னையும் ஒரு போட்டோ எடு. உங்க வாத்தியாருங்க எல்லாரும் பாக்கட்டும்."

அந்தப் பெண் கிளம்பும்போது கச்சோலோம் வழக்கம்போல ஒரு சிட்டிகைச் சாம்பலை நாக்கில் வைத்துக் காட்டினாள். நான்ரெட் பதறிவிட்டாள். "அக்கா! துப்புங்க! துப்புங்கக்கா!"

"ஏன், உனக்கும் வேணுமா?" என்று இவள் சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

சில வாரம் கழித்து நான்ரெட் மோட்டார் பைக் பின்சீட்டில் திரும்ப வந்தாள். இந்தத் தடவை கையில் பை எதுவும் இல்லை. நேரே கச்சோலோமிடம் போனாள். நான் வாய்க்காலைத் தாண்டிப் போய் நின்றேன். ஊர்க் கதை என்றால் நான் விடுவேனா?

"அக்கா, உங்க கீரைல காரீயம் இருக்கு. இருக்க வேண்டிய அளவவிட ரொம்ப அதிகமா. பழைய கார் பேட்டரிய எரிச்ச சாம்பல் அது. வேரு மண்ணுல இருந்து உறிஞ்சி இலைல சேத்து வைக்குது. கோஸ்ல கம்மி. தக்காளில இருக்கறதே தெரியல. பழத்துக்கு அவ்வளவா போறதில்ல. கீரைதான் மோசம்."

"யாரு கீரை? என் கீரையா?" கச்சோலோம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இந்த இலையப் பாரு பொண்ணே. ஒரு ஓட்டை இருக்கா? ஒரு வாட்டம் இருக்கா? உள்ள விஷம் இருந்தா செடி சொல்லாதா?"

"சொல்லாதுக்கா. செடிக்கு ஒண்ணும் ஆகறதில்ல. அதான் பிரச்சினையே."

"நான் நக்கிப் பாத்தேன்டி! இனிச்சுது!"

"காரீயம் இனிக்கும்கா."

கச்சோலோம் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

நான்ரெட் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் இல்ல. தினமும் சாப்பிட்டா உடம்புல சேரும். பெரியவங்களவிடச் சின்னப் புள்ளைங்களுக்குத்தான் ஆபத்து. மூளை வளர்ற வயசு பாருங்க. இந்தக் கீரைய தினமும் சாப்பிடற சின்னப் புள்ளைங்க யாராவது…"

கச்சோலோமின் இடுப்பில் இருந்துகொண்டு சுந்துங் ஒரு கீரைத் தண்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

பாய்ந்து போய்ப் பிள்ளையைப் பிடுங்கினேன். அது வீறிட்டது. தண்டைப் பறித்து வாய்க்காலில் எறிந்தேன். பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. எழுதினால் பாஸ்டர் என்னை சர்ச் வாசலில்கூட நிறுத்தமாட்டார். "உனக்கு எப்பவும் முதல்ல வரணும்! மண்டைக்கு மேல மண்வெட்டி வீசியாவது வரணும்! இப்ப என் புள்ளைக்கு விஷத்த ஊட்டி வெச்சிருக்கியே, போதுமா உனக்கு?" என்பதுதான் அதில் மிக மரியாதையான பகுதி. அவள் திருப்பித் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றாள் நான்ரெட். மறுநாளே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். கச்சோலோம் நிறைய இடைவெளி விட்டுப் பின்னால் வந்தாள். நான் திரும்பினால் நின்றுவிடுவாள். நடந்தால் நடப்பாள். சுந்துங் என் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே வந்தது. அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? ஊசி குத்தியபோது அது கச்சோலோமைத்தான் கூப்பிட்டு அழுதது. நான்ரெட் சொன்னதால் அவளும் ரத்தம் கொடுத்தாள்.

ரத்தம் வேறு ஊருக்குப் போய்ச் சோதனையாகி வர வேண்டும். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, என் எதிரிக்குக்கூட அது வேண்டாம். பிள்ளை கால் தடுக்கி விழுந்தால் தூக்கிக் கண்ணைக் கண்ணைப் பார்ப்பேன். ஒரு பெயரை மறந்தால் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பேன். "அஞ்சு விரலையும் எண்ணு பாப்போம்" என்று ராத்திரி பகலாக அதைப் பிடுங்கி எடுத்தேன். "அம்மா, நேத்தே எண்ணிட்டேனே" என்று அது சலித்துக்கொள்ளும்.

அந்த நாட்களில் கச்சோலோம் ஒரு இலைகூடக் கிள்ளவில்லை. மார்க்கெட்டுப் பெண்கள் வந்தால், "கீரை இல்ல" என்பாள்.

"கண்ணு முன்னாடி காடு மாதிரி நிக்குதே! யாருக்கு ஒளிச்சு வெக்கிற?"

"இல்லன்னா இல்ல. போங்க."

மல்லம் ஹஷிமு வாய்க்கால் கரைக்கு வந்து மெதுவாகச் சொன்னார். "கச்சோலோம், அந்தப் பொண்ணு சொன்னத வெளில சொல்லிராத. ராஃபின் தோக்கா கீரைல விஷம்னு ஒரு வார்த்தை மார்க்கெட்டுக்குப் போச்சுன்னா, என் கேரட்டும் போச்சு, எல்லாரு கோஸும் போச்சு. உன் கீரைய சத்தமில்லாம உழுதுவிட்டுட்டுப் போயிரு." அவள் தலையை ஆட்டினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

முடிவு வந்தது. டாக்டர் ஒரு வயதான அம்மா, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசினார். "பயப்படற அளவுக்குப் போகல. ஆனா இருக்கக் கூடாத அளவு இருக்கு. மருந்து வேண்டாம். அது உள்ள போற வழிய நிறுத்திட்டா உடம்பே மெல்ல வெளிய தள்ளிரும். பால் குடுங்க, பயறு குடுங்க, முட்டை குடுங்க." பிறகு புருவத்தைச் சுருக்கினார். "ஆனா கீரை மட்டும் சாப்பிட்டு இவ்வளவு ஏறுமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. புள்ள மண்ணு தின்னுமா?"

"என் புள்ளையா? சீ! அப்படியெல்லாம் நான் வளக்கல" என்றேன்.

கதவோரம் நின்றிருந்த கச்சோலோம் வாயைத் திறந்தாள்.

"மண்ணு இல்ல டாக்டரம்மா. சாம்பல். நான் தினமும் நக்குவேன். அவளும் நக்குவா. காலைல பாத்தி சுத்தும்போது நான் கைய நீட்டுவேன், 'உப்பா, சப்பா?'ன்னு கேப்பேன். சரியாச் சொன்னா தூக்கிச் சுத்துவேன். அவளுக்கு அது விளையாட்டு. பழக்கி விட்டது நான்தான். அவ அம்மாவுக்குத் தெரியாது."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். கீரைமேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? அந்த ஒரு கேள்விக்கு உண்மையான பதில் வராமல் இருந்திருந்தால் பிள்ளை இன்றைக்கும் போகிற இடத்தில் எல்லாம் விரலைச் சாம்பலில் தொட்டு நக்கிக்கொண்டிருக்கும். அது பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த நிமிஷத்தில் அவள் கழுத்தை நெரிக்கலாம் போலத்தான் இருந்தது.

டாக்டர் அவளுடைய முடிவைப் பார்த்தார். "உங்களுக்குத்தான்மா எல்லாரையும் விட அதிகம். இந்த அளவுக்கு நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

கச்சோலோம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதுலயும் நான்தான் முதல்லயாடி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது, வந்துவிட்டது. அடக்கப் பார்த்தால் அது அழுகையாக மாறியது. நான் அழ, பிள்ளை அழ, அவள் அழ, டாக்டர் எங்கள் மூன்று பேரையும் வெளியே போய் உட்காரச் சொன்னார்.

மறுநாள் காலை, மார்க்கெட்டுப் பெண்கள் வரும் நேரமாகப் பார்த்து, கச்சோலோம் கீரையைப் பிடுங்க ஆரம்பித்தாள். சத்தமில்லாமலா? அவளுக்கு அது எங்கே வரும்!

"எல்லாரும் கேட்டுக்கோங்க! இந்தக் கீரைல காரீயம் இருக்கு! பேட்டரிச் சாம்பலப் போட்டது நான்! என்கிட்ட வாங்கினது வீட்டுல மிச்சம் இருந்தா தூக்கிப் போடுங்க! ஆட்டுக்கும் போடாதீங்க! தினமும் சின்னப் புள்ளைக்குக் குடுத்திருந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க!" ஒவ்வொரு பிடுங்கலுக்கும் ஒரு கத்தல்.

மல்லம் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். "ஊரையே கவுக்கப் போறியா? உனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா?"

"மல்லம், தினமும் உங்க வீட்டுக்கு ஒரு கட்டு வந்துச்சே. அத யாரு சாப்பிட்டாங்க?"

மல்லம் வீட்டில் பல் முளைக்காததிலிருந்து பள்ளிக்கூடம் போகிறது வரைக்கும் பேரப்பிள்ளைகள். அவர் திரும்பிப் போய்விட்டார். போனவர் அரை மணியில் மகன்களையும் தள்ளுவண்டியையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நேரே அள்ள ஆரம்பித்தார்.

நான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தேன். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் குனிந்து குனிந்து பிடுங்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தாண்டினேன்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. இந்தக் கூத்து சீக்கிரம் முடியணும்னு வந்தேன்."

"சரிடி. பேசாம வேரோட புடுங்கு. நீ பாதி வேர விடுற."

"நீ எனக்குச் சொல்லித் தராத!"

அன்றைக்கு முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே பிடுங்கினோம். எனக்கு உடம்பில் என்னவோ ஒரு வேகம். பிள்ளைக்குள் போனதையே பிடுங்கி எறிகிற மாதிரி இருந்தது. தண்ணீர்க் குழிகளிலிருந்து தூரத்தில், மேட்டில் ஒரு இடத்தை நான்ரெட் காட்டினாள். கீரையோடு மேல்மண்ணையும் சுரண்டி அங்கே ஆழமாகப் புதைத்து மூடினோம். மிஞ்சிய மண்ணில் அவள் சொன்னபடி சாணம் போட்டு, தக்காளி மட்டும் நட்டோம். அதையும் சோதித்துப் பார்த்த பிறகுதான் விற்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

மார்க்கெட்டில் அந்த மாதம் எங்களுக்கு அடி விழத்தான் செய்தது. மல்லம் சொன்னது நடந்தது. பேசின்காரிகள் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். பிறகு அங்கேயும் ஒருத்தி, "நீங்க எந்தச் சாம்பல் போடறீங்க?" என்று கேட்க, அவர்கள் முழிக்க, அங்கேயும் நான்ரெட் பைகளோடு போக வேண்டியதாயிற்று. இப்போது டிப்பர் வந்தால் எங்கிருந்து அள்ளினாய் என்பதுதான் முதல் கேள்வி. மெக்கானிக் ஷெட் பக்கம் என்று சொன்னால் கொட்ட விடமாட்டோம். ஒருவன் பொய் சொல்லிக் கொட்டிவிட்டான். கருகிய பேட்டரித் தகடு ஒன்று கையில் கிடைத்தது. அவனையே திரும்ப அள்ள வைத்தாள் கச்சோலோம், ஒரு கூடை விடாமல்.

அவள் நக்குவதை விட்டாள். விடுவதற்குப் பட்ட பாடு இருக்கிறதே! கை தன்னால் வாய்க்குப் போகும். நான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே, "ஏய்!" என்பேன். அவள் பதிலுக்குக் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்வாள். யாராவது சிட்டிகையை முடிந்துகொண்டு வந்தால் அடிக்கப் போவாள்.

தினமும் காலையில் பாலும் அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். நான் பல நாள் அவளோடு பேசவில்லை. அவளும் என்னோடு பேச வரவில்லை. நேரே சுந்துங்கைப் பிடித்து உட்கார வைத்து, இரண்டு கையையும் சோப்புப் போட்டு, நகக்கண் வரைக்கும் தேய்ப்பாள். பிள்ளை நெளியும். "உப்பா, சப்பா கேளு" என்று அது கை நீட்டும். அவள் அந்தக் கையை மூடிவிடுவாள். "அந்த விளையாட்டு முடிஞ்சிருச்சு கண்ணு. வா, கோழிய எண்ணுவோம்" என்பாள். வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நான் பார்க்காத மாதிரி அடுப்பை ஊதுவேன்.

மழை பிடித்த பிறகு இரண்டாம் தடவை ரத்தம் கொடுத்தோம். முடிவு கேட்கப் போன அன்றைக்கு அவளும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் ஓரத்தில் பாதி தொங்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் எனக்கு இடம். அவள் என் கையைப் பிடித்தாள். விரல் வலிக்கிற அளவுக்கு இறுக்கினாள்.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். "நல்லா எறங்கியிருக்கு. நான் நெனச்சத விட நல்லா. இப்படியே போனா அடுத்த தடவை வர வேண்டியதே இருக்காது. புள்ள நல்லா இருக்கா. ஆனா கச்சோலோம் அம்மா, உங்களோடது இன்னும்…"

யார் கேட்டார்கள் அதை? "எறங்கிருச்சு!" என்று கச்சோலோம் போட்ட கத்தலில் பக்கத்து வார்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் பாய்ந்தாள். எங்கள் அறுவடை ஆட்டம், குதிகால் தரையை அறைகிற ஆட்டம். அந்த உடம்பு அப்படி ஆடினால் தரை தாங்குமா? ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது. தலைத்துணி அவிழ்ந்து விழுந்தது. மருந்து வாங்க நின்ற வரிசை கைதட்ட ஆரம்பித்தது. சுந்துங் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, ஏன் என்றே தெரியாமல், "எறங்கிருச்சு! எறங்கிருச்சு!" என்று அலறியது.

ஒரு நர்ஸ் பேனாவும் சீட்டுமாக ஓடி வந்தாள். "இது ஆஸ்பத்திரியா, கல்யாண வீடா? நிறுத்துங்க! இந்தப் புள்ளைக்கு அம்மா யாரு? கையெழுத்துப் போடணும்."

என் கை பேனாவுக்கு நீண்டுவிட்டது. நீண்ட கையை மடக்கிக்கொண்டேன்.

"அதோ ஆடிட்டு இருக்கா பாருங்க, அவகிட்ட குடுங்க" என்றேன்.

நர்ஸ் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பேனாவோடு அவளிடம் போனாள்.